வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு முருகன்

மார்கழி விடியலில் திருத்தணி ஸ்டேஷனில் நின்றால் மலைக்காற்று காதுமடலைக் கிள்ளும். பூக்கூடைக்கார அம்மாக்கள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசிக்கொண்டே லோக்கல் ரயிலில் ஏறுகிறார்கள். சம்பங்கி வாசனையோடு பெட்டி கிளம்புகிறது. அரக்கோணம் வரை போர்வையை விட மனசில்லை. பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் கழுத்தெல்லாம் வேர்வை! எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் பருவமே மாறிவிடுமா என்ன?

பழைய பட்டணத்தின் ஆதிக் கொட்டகைகளைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. ரயிலைவிட்டு இறங்கி, வெளியே வந்தால் வெள்ளை வெளேரென்ற ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செக்கச் செவேலென்று விக்டோரியா பப்ளிக் ஹால். சிஷோம் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1880களின் கட்டடம். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம், ஆசை தீரவில்லை.

தமிழ் நாடகத்துக்கு ஒரு மரியாதை பிறந்த கதையில் இந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1891இல் பெல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. அதைப் பார்த்து மயங்கிய இளைஞர்களில் பம்மல் சம்பந்த முதலியாரும் ஒருவர். அதே ஆண்டு சுகுண விலாச சபா பிறந்தது. கூத்தாடிப் பிழைப்பு என்று ஊரே முகம் சுளித்த காலத்தில், படித்தவர்கள் அரிதாரம் பூசி மேடையேறினார்கள். பம்மலார் பிற்பாடு நீதிபதியும் ஆனார், நாடகங்களையும் எழுதிக் குவித்தார். சபா பல வருஷம் குடியிருந்ததும் இந்த ஹாலில்தான். தெலுங்கு நாடகம் மூட்டிய தீ தமிழில் எரிந்திருக்கிறது! எங்கள் ஊர்க்காரருக்கு இதைக் கேட்டால் நெஞ்சு நிறையாதா?

சென்ட்ரலின் கிழக்கு விலாவை ஒட்டி ஓடுகிறது வால்டாக்ஸ் ரோடு. டீசல் புகை, சாக்கு மூட்டை வாடை, நடுவே எங்கிருந்தோ பெருங்காய நெடி. பார்சல் ஆபீஸ் வாசல்களில் மூட்டைகள் தலைக்குத் தலை மாறுகின்றன. ரோட்டின் பெயருக்கு ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வந்து முற்றுகையிட்டுப் போன பிறகு கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். செலவை ஊரார் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வசூலாகாத அந்த வரியின் பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றியும் ஜனங்கள் வால்டாக்ஸ் என்றேதான் சொல்கிறார்கள்.

நாடகக் கம்பெனிகள் முகாமிட்ட ஒற்றைவாடைத் தியேட்டர் இந்த ரோட்டில்தான் இருந்தது. கினிமா சென்ட்ரல் என்ற சினிமா கொட்டகையும் இங்கேதான். அதற்குப் பிற்காலத்தில் வந்த பெயர் என்ன தெரியுமா? முருகன்! தணிகை மலையை விட்டு இறங்கி வந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வழி கேட்டேன். “முருகன் டாக்கீஸா? அது எப்பவோ போச்சே நைனா! எம்ஜியார் படம்னா இந்த ரோட்டுல வண்டி போவாது” என்று கையை விரித்துக் காட்டினார்.

1931 அக்டோபர் 31 அன்று தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானது அந்தக் கினிமா சென்ட்ரலில்தான். எச்.எம்.ரெட்டி இயக்கிய படம், பம்பாயில் எடுத்தது. படப்பெட்டி சென்ட்ரலில் வந்து இறங்கியதும் பூத்தூவி, தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். அதைவிடப் பெரிய அதிசயம் திரைக்குள் நடந்தது. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்! பேசும்படத்தின் விநோதம் என்று இதைப் பலரும் சிரித்தபடி எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சந்தைத் தெருவில் தினம் நடப்பதுதானே இது? அம்மா தமிழில் விலை கேட்பார், கீரைக்காரி தெலுங்கில் சொல்வாள், பேரம் தானாகப் படியும்.

இருபது வருஷம் கழித்து இதே பட்டணம் யாருக்கு என்று தமிழரும் தெலுங்கரும் மல்லுக்கட்டினார்கள். திருத்தணிக்கும் இழுபறி. ம.பொ.சி. போராடினார், பலர் சிறை போனார்கள், 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். அந்தப் போராட்டத்தைப் பெருமையோடு சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்தக் கொட்டகையில் இரண்டு மொழியும் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டதை நினைத்தால் அதுவும் என் பெருமைதான்.

யானைகவுனி வழியாகத் தங்கசாலைத் தெரு. அப்பப்பா, என்ன நெரிசல்! நெய்யில் ஜிலேபி பொரியும் வாசனை ஆளைக் கட்டிப் போடுகிறது. முறுக்குக்கு நடுவே தக்காளியும் வெள்ளரியும் வைத்து சாண்ட்விச் என்று நீட்டுகிறார்கள். எங்கள் பாட்டி பார்த்தால் முறுக்கைத் தனியாகப் பிரித்துக் கேட்டிருப்பாள். எனக்கு இரண்டாவது தட்டும் வேண்டியிருந்தது. இந்தத் தெருவில் கிரௌன் தியேட்டரை நடத்தியவர் ரகுபதி வெங்கையா. மச்சிலிப்பட்டணத்துக்காரர். போட்டோ ஸ்டூடியோவை அடமானம் வைத்து, படமும் இசைத்தட்டும் சேர்ந்து ஓடும் குரோனோமெகபோன் என்ற கருவியை வரவழைத்தார். அதைச் சுமந்துகொண்டு பர்மா, இலங்கை என்று கூடாரம் அடித்துக் காட்டினார். மவுண்ட் ரோடு பக்கத்தில் 1914இல் அவர் எழுப்பிய கெயிட்டிதான் சென்னையில் இந்தியர் கட்டிய முதல் சினிமா கொட்டகை. என்ன துணிச்சல்!

வெயில் சாய்ந்ததும் பஸ் பிடித்து மவுண்ட் ரோடு. அங்கே வார்விக் மேஜர் 1913இல் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் இன்னும் நிற்கிறது. தபால் இலாகா வாங்கிக்கொண்டதால் பிழைத்தது. உள்ளே இப்போது தபால்தலை விற்கிறார்கள். கிரௌனும் கெயிட்டியும் இந்த அதிர்ஷ்டம் இல்லாமல் இடிபட்டன. வால்டாக்ஸ் ரோட்டில் நான் தேடியவரை ஒரு பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படவில்லை. ‘காளிதாஸ்’ ஓடிய இடத்தில் ஒரு கல்லாவது நட வேண்டும், தமிழிலும் தெலுங்கிலும் எழுதி. யாராவது முன்வந்தால் திருத்தணியிலிருந்து முதல் நன்கொடை என்னுடையது.