நாவும் பேரும்

குடிப்பது வேறு, சுவைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது உலக வழக்கம். ஆனால் தேயிலை நாட்டில் வாழும் நாம் அவ்வாறு கருதுவதற்கு நியாயமில்லை. தோட்டத்து ஸ்டோரில் தேயிலை சுவைக்கும் வேளையில் நுழைந்து பார்த்தவர்கள் அறிவார்கள். நீண்ட மேசையின்மேல் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். நிறுத்துப் போட்ட தூளில் கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடி வைத்து வடித்த சாயத்தை, டீமேக்கர் ஒரு கரண்டியில் முகந்து ஓசையெழ உறிஞ்சுவார். காற்றோடு கலந்த சாயம் நாவெங்கும் படர்ந்ததும் துப்பிவிடுவார். ஒரு மிடறேனும் உள்ளே செல்வதில்லை. எனினும் கொழுந்து நன்றாக வாடியதா, அடுப்புச் சூடு மிகுந்துவிட்டதா என்பதையெல்லாம் அந்த நா சொல்லிவிடும்.

இந்த வேற்றுமையைப் பற்றி நான் புதிதாகச் சிந்திக்க நேர்ந்தது, தேநீரால் அன்று; விஸ்கியால்! வாசகர்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவன் நான். மலையகத்தில் மதுவின் கதை இன்னதென்று எவரும் எனக்குப் போதிக்க வேண்டியதில்லை. சம்பள நாளன்று தவறணையை நோக்கி நடந்த கால்களை லயத்து வாசலில் நின்று கண்டு வளர்ந்தவன்; கசிப்புக்கு ஒரு சித்தப்பாவைப் பறிகொடுத்தவன். ஆதலின் எங்கள் வீட்டு மேசையில் அப்பொருள் வந்து அமர்ந்தது சாதாரண நிகழ்ச்சி அன்று.

கொண்டு வந்தவன் என் மாமன் மகன். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தையும் இரண்டாகப் பிரித்தது. மாமா தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனார்; என் அன்னையார் மஸ்கெலியாவிலேயே தங்கினார். கோத்தகிரியில் பிறந்து இன்று பெங்களூரில் பணிபுரியும் மைத்துனன், அத்தையைக் காண வந்தபோது, அவருக்கு ஒரு புடவையும் எனக்கு இரு சிறு புட்டிகளும் கொண்டு வந்தான். “மச்சான், இவை எங்கள் ஊரில் வடித்தவை. ஸ்கொத்லாந்துக்காரரே மெச்சியவை. குடிக்க வேண்டாம், சுவைத்துப் பாருங்கள்” என்றான்.

ஸ்கொத்லாந்து என்றதும் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. எங்கள் மஸ்கெலியா–அப்கொட் வட்டாரத்துத் தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: மொறே, ஸ்ட்ரத்ஸ்பே, டீசைட், கிளென்டில்ட். எல்லாம் ஸ்கொத்லாந்துப் பெயர்கள். 1867இல் லூல்கந்துரையில் முதன்முதலாக வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. ஸ்ட்ரத்ஸ்பே என்றால் ஸ்பே ஆற்றின் அகன்ற பள்ளத்தாக்கு. ஸ்கொத்லாந்தின் விஸ்கி வடிசாலைகளில் பல அந்த ஆற்றின் சுற்றுப்புறத்தில்தான் உள்ளன. மொறே என்பதும் அந்தப் பகுதியே. ஊர் நினைவால் துரைமார் இட்ட பெயர்களை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக விலாசமாகச் சுமந்தார்கள். அவற்றின் பொருளை எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

‘சிங்கிள் மோல்ட்’ என்பது யாது? பார்லித் தானியத்தை நீரில் ஊறவைத்து, முளை கட்டவிட்டு, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்துவார்கள். அதுவே மோல்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் குரக்கனை முளை கட்டி, வறுத்து, மாவாக்குகிறோமே, அதே வழிதான். பின்னர் அதனை நொறுக்கி, வெந்நீரில் இனிப்பு இறக்கி, புளிக்கவைத்து, செம்புக் கலங்களில் காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் பல்லாண்டு உறங்க வைப்பார்கள். வேறு தானியம் கலவாமல், ஒரே வடிசாலையில் உருவானதற்கே அப்பெயர் உரியது. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவிடுதல், சூடேற்றுதல் என்னும் தேயிலையின் படிகளை அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பனையானவற்றுள் பெரும்பாலானவை கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து வடித்தவை; ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்கு விஸ்கி என்ற பெயரையே மறுக்கிறது. இந்த இழிபெயரைச் சுமந்துகொண்டுதான், 1948இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற அம்ருத் நிறுவனம், 2004இல் தன் சிங்கிள் மோல்ட்டை ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகம் செய்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை! ஆயினும் ஊசி விலைபோயிற்று. அவர்களது ‘பியூஷன்’ என்னும் வகைக்கு, ஜிம் மறே என்ற ஆங்கிலச் சுவைஞர் தமது 2010ஆம் ஆண்டுக் கையேட்டில் நூற்றுக்கு 97 புள்ளிகள் வழங்கி, உலகில் மூன்றாவது சிறந்ததென்று அறிவித்தார்.

அதே 2010ஆம் ஆண்டு ஜனவரியில், லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை எடின்பரோவின் லீத்தில் ஒரு சோதனை நடத்தியது. பெயர் மறைத்த கிண்ணங்களை நிபுணர் முன் வைத்தனர். ஸ்கொத்லாந்துச் சரக்குகளைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது, 2006இல்தான் வடிக்கத் தொடங்கிய தாய்வானின் கவலான்! புட்டியின் மேல் பெயர் ஒட்டியிருந்தால் அத்தீர்ப்பு வந்திருக்குமா என்பது ஐயமே.

வெப்பமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பீப்பாயில் உறங்கும் விஸ்கி ஆண்டுதோறும் சிறிது ஆவியாகும். ‘தேவதைகளின் பங்கு’ என்று அதனை அழைப்பர். குளிர்ந்த ஸ்கொத்லாந்தில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரிலோ 10 முதல் 12 சதவீதம். இழப்பு பெரிது, ஆனால் அந்த வெப்பத்திலேயே மரத்தின் சாரம் விரைந்து இறங்குவதால், அங்கே பல ஆண்டுகள் எடுக்கும் முதிர்ச்சி இங்கே நாலைந்து ஆண்டுகளில் கூடிவிடுகிறது.

மைத்துனன் இரு சிறு கண்ணாடிக் குவளைகளில் விரற்கடை அளவு ஊற்றினான். முதலில் நிறம் பார்த்தோம்: பால் சேராத நல்ல தேநீரின் பொன்னிறம். அடுத்து மணம். பின் சில துளி நீர் கலந்து நாவில் வைத்தோம். முதலாவதில் தேனும், வாட்டிய தானியமும், பின்னால் மெல்லிய காரமும் தோன்றின. இரண்டாவது ‘பியூஷன்’. இந்திய பார்லியோடு, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணின் புகையில் உலர்த்திய ஸ்கொத்லாந்து பார்லியும் சேர்ந்தது. அதில் ஈர விறகு புகைவது போன்ற ஒரு வாசம் முன் நின்று, இனிப்பு பின்னே வந்தது. டீமேக்கரின் வழக்கப்படி துப்பிவிட்டேன். மைத்துனன் சிரித்தான்.

அன்னையார் அடுக்களை வாயிலில் நின்றிருந்தார். முப்பத்தோராண்டு கொழுந்தெடுத்தவர், சித்தப்பாவின் முடிவை என்னிலும் அருகிருந்து கண்டவர். வந்து குவளையை வாங்கினார், நான் திடுக்கிட்டேன். மூக்கருகே பிடித்து, “ஸ்டோரிலே கொழுந்து காயுற வாசம் இதிலே இருக்கு” என்றார். பின், “இது எத்தனை பேரு, தம்பி?” என்று மைத்துனனைக் கேட்டார்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். மைத்துனன் முழுப் புட்டியின் விலையைச் சொன்னான். அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். இரு கைகளின் விரல்களும் போதவில்லை. குவளையை மேசையில் வைத்துவிட்டு, தேநீர் ஊற்றப் போனார்.

அந்தத் தேநீரை அருந்தும்போதுதான் என் உள்ளம் உறுத்தியது. அது டஸ்ட் தூள். மலையுச்சியின் நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் செல்கிறது. அதன் சிறப்பைச் சொல்ல வெளிநாட்டில் ஆயிரம் நாவுகள் உண்டு. எடுத்த கைக்கு உரியவருக்கோ, அதைப் பாலும் சீனியும் இன்றிச் சுவைத்துப் பார்க்க ஒரு வேளை வாய்த்ததில்லை. புகையின் மணத்திலிருந்து ஸ்டோரை இனங்கண்ட அந்த மூக்கை, ஒருவரும் ஒரு கிண்ணத்தின் முன் அழைத்து அபிப்பிராயம் கேட்டதில்லை.

ஆகவே சென்ற தவணையில் என் உயர்தர வகுப்பு மாணவர் இருபத்திருவர் முன் மூன்று கிண்ணங்கள் வைத்தேன், பெயர் சொல்லாமல். மஸ்கெலியாவின் முதல்தரத் தூள் ஒன்று, தாழ்நாட்டுத் தூள் ஒன்று, வீட்டில் பழகிய டஸ்ட் ஒன்று. பதினேழு பேர் டஸ்ட்டையே சிறந்ததென்றனர். நான் குறை சொல்லவில்லை. நா, பழகியதைத்தான் நம்பும். மூன்று வாரம் தொடர்ந்து சுவைத்தோம். மூன்றாம் வாரம், எட்டுப் பேர் மஸ்கெலியாத் தூளைத் தெரிந்தனர். அவர்களுள் ஐவர் ஏன் என்றும் எழுதினர். அவ்வெழுத்தில் நான் கண்ட சொற்கள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை.

கள்ளுண்ணாமையை இவ்வாண்டும் நடத்துவேன், அதில் மாற்றமில்லை. அப்பாடம் முடிந்ததும் கிண்ணங்களையும் எடுத்து வைப்பேன். அடுத்த முறை, அன்னையாரையும் வகுப்புக்கு அழைத்திருக்கிறேன்.