மூன்றாம் சேனலில் வரும் பேய்கள்

அட்டாரி 2600 என்று ஒரு பெட்டி. முன்பக்கத்தில் மரப்பலகை மாதிரி ஒரு ஒட்டு, மேலே வரிசையாக ஸ்விட்சுகள். 1977-ல் 199 டாலர் விலையில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இன்றைக்கு அங்கே வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்கிறார்களே, அந்த கராஜ் சேல்களில் "வேலை செய்யாது" என்று எழுதி ஒட்டிய அட்டையோடு கிடைக்கும். அந்த அட்டையை அப்படியே நம்பிவிட வேண்டாம். பல நேரம் பெட்டிக்கு உயிர் இருக்கும். அது பேசுவது இன்றைய டிவிக்குப் புரிவதில்லை, அவ்வளவுதான். இந்தக் குழப்பத்திலேயே நல்ல பெட்டிகளும் குப்பைக்குப் போய்விடுகின்றன என்பதுதான் வருத்தம்.

ஆசையாக வாங்கி வருபவர் முதலில் செய்யும் காரியம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பெட்டியிலிருந்து வரும் ஒரே ஒரு ஒயரின் முனையில் இருக்கும் பிளக், டிவிடி பிளேயரின் மஞ்சள் பிளக்கைப் போலவே இருக்கும். டிவியின் மஞ்சள் துளையில் செருகினால் கச்சிதமாக உட்காரும். படம்? வராது. வரவே வராது! பிளக் ஒன்றுதான், உள்ளே ஓடும் சமாச்சாரம் வேறு. மஞ்சள் துளை எதிர்பார்ப்பது நேரடி வீடியோ. அட்டாரி அனுப்புவதோ ஒரு டிவி ஸ்டேஷன் ஒளிபரப்புகிற மாதிரியான ரேடியோ அலை. அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டி டிவி நிலையமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி வைத்தார்கள்? அன்றைய டிவிக்குள் நுழைய வேறு வாசலே கிடையாது. ஆன்டெனா திருகாணி இரண்டுதான். டிவி கேமின் தந்தை என்று சொல்லப்படும் ரால்ஃப் பேர் 1966 செப்டம்பரில் தன் யோசனையை நாலு பக்கத்தில் எழுதி வைத்தபோதே, ஆட்டத்தை ஒரு காலி சேனலில் அனுப்பலாம் என்றுதான் நினைத்தார். அந்தச் சேனலுக்கு அவர் வைத்த பெயர் 'எல்.பி.', அதாவது 'லெட்ஸ் ப்ளே'. அந்த யோசனைதான் 1972-ல் மேக்னவாக்ஸ் ஒடிஸியாக விற்பனைக்கு வந்தது. மேக்னவாக்ஸ் டிவி இருந்தால்தான் இது ஓடும் என்று நினைத்து வாங்காமல் போனவர்களும் உண்டு. ஆக, இந்தப் பெட்டி நம் டிவியில் தெரியுமா என்ற சந்தேகம் வீடியோ கேம் பிறந்த அன்றைக்கே பிறந்த சந்தேகம்!

அட்டாரியின் முதுகில் 2, 3 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது எதற்கு என்று பலருக்குத் தெரியாது. அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதால் ஒரே ஊரில் 2, 3 இரண்டையும் நிலையங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். எந்த ஊரானாலும் இரண்டில் ஒன்று காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் அட்டாரி புகுந்துகொள்ளும். மூன்றாம் சேனலில் படத்தின் அலை 61.25 மெகாஹெர்ட்ஸ். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்.

பெட்டியோடு ஒரு ஸ்விட்ச் பாக்ஸும் வரும். நம்ம ஊரில் தூர்தர்ஷன் காலத்து மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து தட்டையாக ஒரு ஒயர் இறங்குமே, அதே ஒயரை அதில் திருகி, 'டிவி', 'கேம்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றைய டிவியில் அந்தத் திருகாணிகள் இல்லை. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த ஸ்விட்ச் பாக்ஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அட்டாரியின் பிளக்கை கேபிள் டிவி துளைக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன அடாப்டர் வாங்கினால் போதும். விரல் நுனி அளவுதான் இருக்கும், விலையும் அற்பம். படமும் பழைய பாக்ஸைவிட சுத்தமாக வரும்.

அடுத்து டிவியை மூன்றாம் சேனலுக்குக் கொண்டுபோக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-ம் தேதி அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு வந்த டிவிகளிலும் அனலாக் ட்யூனரை வைத்தார்கள், ஆனால் சில புதிய மாடல்களில் அது அறவே இல்லை. இருக்கிற டிவிகளில் சில, தானாகத் தேடிக் கண்டுபிடிக்காத சேனலுக்குப் போகவே மறுக்கும். ரிமோட்டில் 3 என்று எத்தனை முறை அழுத்தினாலும் நகராது. அட்டாரியை ஆன் செய்து, கேசட்டைச் செருகி, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேனல் தேடலைத் தொடங்க வேண்டும். அப்போதுதான் டிவிக்கு அங்கே ஒரு நிலையம் இருப்பது தெரியும்.

படம் வந்து, நிறம் மட்டும் வராவிட்டால் பயப்பட வேண்டாம். மேலே 'கலர்', 'பி டபிள்யூ' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அந்தக் காலத்தில் பல வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவிதான் இருந்தது. யாரோ நாற்பது வருடம் முன்பு அதைத் தள்ளிவிட்டிருப்பார்கள்! நிறங்கள் தானாக மாறிக்கொண்டே இருந்தால் அதுவும் பழுதல்ல. யாரும் ஆடாதபோது திரையில் தழும்பு விழாமலிருக்க பல ஆட்டங்களில் அப்படி எழுதி வைத்தார்கள். 'ரீசெட்' அழுத்தினால் ஆட்டம் தொடங்கும்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். அட்டாரி 2600-ன் மெமரி 128 பைட். கிலோ இல்லை, வெறும் பைட். ஒரு முழுப் படத்தைச் சேர்த்து வைக்க அதில் இடமே இல்லை. அதனால் அது படத்தை வைத்துக்கொள்வதே இல்லை. பழைய குழாய் டிவியில் மின்கற்றை திரையைக் கோடு கோடாக வரைந்துகொண்டு போகும்போது, புரோகிராம் கூடவே ஓடி, இந்தக் கோட்டில் இந்த நிறம், அந்த இடத்தில் பந்து என்று அந்தந்த நொடியில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒரு கோட்டுக்கு 76 சைக்கிள்தான் அவகாசம். ஒரு பிரேமுக்கு 262 கோடுகள் என்று எண்ணுவதும் புரோகிராம் எழுதியவரின் பொறுப்பு. சிலர் ஒன்றிரண்டு கோடு கூட்டியோ குறைத்தோ எண்ணினார்கள். குழாய் டிவி அதைப் பெரிதுபடுத்தாது, அட்ஜஸ்ட் செய்துகொள்ளும். எல்.சி.டி. டிவி அப்படியல்ல. கணக்கு கொஞ்சம் பிசகினாலும் சிக்னல் இல்லை என்று நீலத் திரையைக் காட்டிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கால டிவி நிலையங்கள் ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகளை அடுத்த முறை என்று மாற்றி மாற்றி அனுப்பின. அட்டாரி ஒவ்வொரு முறையும் அதே கோடுகளையே வரையும். பல புதிய டிவிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வழக்கமான ஒளிபரப்பு என்று எண்ணி இரண்டு பிரேம்களைச் சேர்த்துப் பின்ன ஆரம்பித்துவிடும். 1982-ல் வந்த பேக்மேன் ஆட்டத்தில் நாலு பேய்கள் உண்டு. நாலையும் ஒரே நேரத்தில் காட்டப் போதாமல், ஒரு பிரேமுக்கு ஒரு பேய் என்று சுற்றில் விட்டார்கள். அப்போதே மினுக்மினுக் என்கிறது என்று திட்டு வாங்கிய ஆட்டம் அது. ஆனாலும் குழாய் டிவியின் மங்கிய ஒளிர்வில், இருட்டு அறையில், பேய் பேயாகத்தான் தெரிந்தது. புதிய டிவி பிரேமைப் பின்னும்போதோ விடும்போதோ சில பேய்கள் பாதியாகத் தெரியும், சில காணாமலே போகும். ஆடுபவர் கண்ணுக்குத் தெரியாத பேயிடம் மாட்டிச் சாக வேண்டியதுதான் :-)

அப்படியானால் என்னதான் வழி? ட்யூனர் இல்லாத டிவிக்கு, பரணில் கிடக்கும் வி.சி.ஆர். உதவும். அட்டாரியை அதன் ஆன்டெனா துளையில் கொடுத்து, வி.சி.ஆரை மூன்றாம் சேனலில் வைத்து, அதன் மஞ்சள் துளையிலிருந்து டிவிக்கு இழுக்கலாம். சில டிவிகளில் மஞ்சள் துளையும் பச்சைத் துளையும் ஒன்றாகவே இருக்கும், அதில் செருக வேண்டும். சாலிடரிங் தெரிந்தவர்கள் பெட்டியைப் பிரித்து, ரேடியோ அலையாக மாறும் முன்பே வீடியோவை எடுத்துவிடுகிறார்கள். படம் பளிச்சென்று வரும். ஆனால் நன்றாக ஓடும் பழைய பெட்டியின் முதுகில் ஓட்டை போடுவது கொஞ்சம் கொடுமை. ஓடாத பெட்டியில் பழகிவிட்டுச் செய்வது நல்லது. பழைய கேசட்டுகளை எச்.டி.எம்.ஐ. வழியாகக் காட்டும் அட்டாரி 2600 பிளஸ் என்ற புதுப் பெட்டி 2023-ல் வந்தது. ஆட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரி.

பேய் நாலும் தெரிய வேண்டும் என்றால் குழாய் டிவிதான். அமெரிக்காவில் யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று இலவசமாகவே கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய சைஸ் வேண்டாம், பதின்மூன்று இஞ்ச் போதும். துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கண்ணாடி கனம் சாதாரணமல்ல. படம் சரியில்லை என்று பின்பக்க மூடியை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.