கடைசி வரிசைக்குக் கேட்குதா?

கிடார் இருக்கிறதே, அது வீட்டில் புலி, மேடையில் எலி. மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு இழுப்பு இழுத்தால் எதிர் வீட்டு மாமி 'படக்'கென்று ஜன்னலைச் சாத்துகிறார். அதே கிடாரைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய் டிரம்ஸ், தபேலா, கீபோர்டு நடுவே வைத்து வாசித்தால், வாசிக்கிற எனக்கே கேட்பதில்லை. முன்வரிசையில் ஒரு வாண்டு, "அந்த மாமா ஏன் சும்மா வயித்தைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்காரு?" என்று அம்மாவிடம் கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது.

திங்கள் முதல் வெள்ளி வரை அடியேன் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில். முகூர்த்த நாள் சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார். எலெக்ட்ரிக் இல்லை ஸார். மரப்பெட்டியும் ஆறு இரும்புக் கம்பியும் உள்ள அக்கூஸ்டிக். எங்களுடையது ரிசப்ஷன் ஸ்பெஷலிஸ்ட் குழு என்பதால், ஆடி மாதம் முழுக்க சம்பளமில்லாத லீவு. அந்த லீவு தொடங்கும் அன்றுதான் குழுத் தலைவர் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதே. கீபோர்டுலயே கிடார் சத்தம் இருக்கு. பட்டனை அமுக்குனா வருது. வேன்ல ஒரு ஸீட்டும் மிச்சம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள உன்னோடது கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி ஏதாவது பண்ணு. இல்லேன்னா..."

அந்த 'இல்லேன்னா'வுக்குப் பிறகு அவர் டீ குடித்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. பத்து வருஷம் விரல் நுனி காய்த்துப்போக வாசித்தவனுக்கு, ஒரு பட்டன் போட்டியாளர்!

வீட்டு நிதி மந்திரியிடம் மனு போட்டேன். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்க வைத்திருந்த 5,000 ரூபாயை எடுத்து நீட்டினாள். "தள்ளுபடி அடுத்த ஆடியிலயும் வரும். கச்சேரி போச்சுன்னா நீங்க லீவு நாள் முழுக்க வீட்ல உக்காந்து என் உயிரை வாங்குவீங்க." தியாகமா, தற்காப்பா என்று ஆராயாமல் வாங்கிக்கொண்டேன்.

5,000 ரூபாயில் கிடார் சத்தத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஆளுக்கொன்றாகக் கடன் வாங்கி, பள்ளிக்கூட ஹால் ஒன்றில் ஒத்திகையின்போது சோதித்தோம். நான் மேடையில். கடைசி வரிசையில் என் மச்சினன், கையில் சுண்டலோடு. மேடையில் நிற்பவன் காதை நம்பக்கூடாது. சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்கக் கதவோரம் உட்கார்ந்திருப்பவர் காதுதான் முக்கியம்.

முதல் வழி, மைக். 1965லிருந்து உலகம் முழுக்க மேடைகளில் நிற்கும் ஷூர் எஸ்.எம்.57 போன்ற ஒரு மைக்கைக் கிடாருக்கு முன்னால் வைப்பது. மைக் செட் அண்ணனிடமே இருப்பதால் செலவு பூஜ்யம். மரத்தின் நிஜமான குரல் இதில்தான் வரும். வட்ட ஓட்டைக்கு நேரே வைத்தால் 'பொம் பொம்' என்று பானை அடிக்கிற சத்தம் வரும். கழுத்து, பெட்டியோடு சேரும் இடத்தைப் பார்த்து வைக்கவேண்டும். ஆனால் மைக்குக்குப் பாரபட்சம் கிடையாது. பக்கத்தில் டிரம்ஸ் அடித்தால் அதையும் அள்ளிக்கொண்டு போகும். கிடாருக்காக ஒலியைக் கூட்டினால், 'ஊஊஊய்ங்...'

இந்த ஊளைக்குக் காரணம் சுலபம். ஸ்பீக்கரில் வரும் சத்தம் திரும்பி வந்து மைக்கிலும் மரப்பெட்டியிலும் விழுகிறது. அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், பெருத்துத் திரும்புகிறது. வட்டிக்கு வட்டி மாதிரி. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருமே, அதுபோல ஓட்டை போட்ட கிடார் பெட்டிக்கும் ஒரு சொந்தச் சுரம் உண்டு. பெரும்பாலும் நொடிக்கு நூறு அதிர்வை ஒட்டி. ஊளை முதலில் அங்கேதான் கிளம்பும். 1964ல் பீட்டில்ஸ் தங்கள் 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டை இப்படியொரு ஊளையோடுதான் தொடங்கினார்கள். அவர்கள் செய்தால் புதுமை. நாம் செய்தால் பெண்ணுடைய தாய்மாமன் மேடை ஏறி வருவார்.

மச்சினன் தீர்ப்பு: "டிரம்ஸ் ரொம்பத் தெளிவா கேக்குது, மாமா."

இரண்டாவது வழி, பீசோ. சமையலறை கேஸ் லைட்டரை அமுக்கினால் 'டிக்'கென்று பொறி வருகிறதல்லவா? சிலவகைப் படிகங்களை அமுக்கினால் மின்சாரம் வரும் என்று 1880ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் கண்டுபிடித்த அதே சமாசாரம்தான். கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் பீசோ பட்டி ஒன்றைப் பதித்தால், கம்பி அதிர அதிர மின்சாரமாகும். நைலான் கம்பிக்கும் வேலை செய்யும். ரிச்சி தெருவில் டீக்காசுக்கு பீசோ வில்லையே கிடைக்கிறது, பெட்டியில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அது சட்டைப் பட்டன் உரசுவதைக்கூட ஊருக்கு அறிவித்துவிடும். ஊளையும் சீக்கிரம் வரும்.

பீசோவை நேராக மிக்ஸரில் சொருகினால் குரல் தகர டப்பா ஆகிவிடும். குற்றம் பீசோமேல் இல்லை. அது கூச்ச சுபாவி, சன்னமாகத்தான் பேசும். பத்து லட்சம் ஓம் தடை உள்ள வாசலில் நின்றால்தான் அதன் முழுக்குரலும் கேட்கும். மிக்ஸரின் சாதாரண வாசலோ பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அடிக்குரல் எல்லாம் அங்கே வழிந்து போய்விடுகிறது. நடுவில் ப்ரீஆம்ப் என்கிற மத்தியஸ்தர் தேவை. கிடாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பேட்டரியை மட்டும் கவனித்தால் போதும். ஒயரைச் சொருகியே வைத்தால் பெரும்பாலான கிடார்களில் பேட்டரி ராத்திரியெல்லாம் ஓடித் தீர்ந்துவிடும்.

மச்சினன் தீர்ப்பு: "மத்தியஸ்தர் வந்ததும் நல்லாருக்கு மாமா. சுண்டல் தீந்துடுச்சு."

பட்டி, பதிக்கும் கூலி, ப்ரீஆம்ப் எல்லாம் கூட்டினேன். அக்கவுன்ட்ஸ் பிரிவு அல்லவா? புடவையோடு ரவிக்கைக் காசும் சேர்ந்து போகும் என்று தெரிந்தது.

மூன்றாவது வழி, காந்த பிக்கப். வட்ட ஓட்டைக்குக் குறுக்கே ஒரு பட்டையான சாதனம், இரண்டு திருகு. துளை போட வேண்டாம், ஆசாரி வேண்டாம். காந்தத்துக்குமேல் இரும்புக் கம்பி ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நைலான் கம்பியை இது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. குரலில் எலெக்ட்ரிக் கிடார் சாயல் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அதனால் என்ன? 1993 நவம்பரில் நியூயார்க்கில் 'அன்பிளக்டு' நிகழ்ச்சிக்காக கர்ட் கோபேன் வாசித்த மார்ட்டின் கிடாரின் ஓட்டையில் இருந்ததும் காந்த பிக்கப்தான். அந்தக் கிடார் 2020ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிக்கப்புக்காக யாரும் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை.

இதன் பெரிய பலம், டிரம்ஸை அது பொருட்படுத்துவதே இல்லை. கம்பியை மட்டும் கவனிக்கிறது. ஓட்டையில் மிச்சமுள்ள இடத்தை ரப்பர் மூடியால் அடைத்ததும் ஊளையும் அடங்கியது.

மச்சினன் எழுந்து நின்றே சொன்னான்: "மாமா, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்குது!"

கடைக்காரர் கடைசியாக ஓர் அஸ்திரம் எடுத்தார். கிடாருக்கென்றே தனி ஆம்ப். தேன் மாதிரி குரல், தீ மாதிரி விலை. மைக் செட் இல்லாத இடத்தில் வாசிப்பவருக்கு அது அவசியம். மண்டபத்திலோ ஆள் உயர ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே நிற்கின்றன. சாம்பார் பரிமாறும் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் சாம்பார் கொண்டுபோவானேன்?

அந்தக் காசில் ஒரு பகுதியை டி.ஐ. பாக்ஸுக்குக் கொடுத்தேன். கைக்கடக்கமான இரும்புப் பெட்டி. மண்டபத்தில் மிக்ஸர் ஐம்பது அடி தள்ளி இருக்கும். அவ்வளவு தூரம் கிடார் ஒயரை இழுத்தால் கணீர் குறைந்து, சீரியல் பல்பின் 'ம்ம்ம்' எல்லாம் ஏறிக்கொள்ளும். இந்தப் பெட்டி, சத்தத்தை மைக் ஒயரில் போகிற மாதிரி மாற்றிக் கொடுத்துவிடும். அதே காரணத்துக்காக, பிக்கப்பிலும் இரட்டைச் சுருள் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். ஒற்றைச் சுருள் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். பிக்கப், மூடி, செகண்ட்ஹேண்ட் டி.ஐ. பாக்ஸ் எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். மீதி 400க்கு மல்லிகைப் பூவும் ஹோட்டல் டிபனும். நிதி மந்திரியைப் பகைத்துக்கொள்ளலாமா?

ஆவணி முதல் ரிசப்ஷன். மாப்பிள்ளையின் நண்பர்கள் 'இளைய நிலா' கேட்டார்கள். 1982ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த நாளிலிருந்து, கிடார்க்காரனுக்கு அதுதான் பரீட்சை. கீபோர்டு தம்பி பட்டனில் விரலை வைத்துவிட்டான். தலைவர் அண்ணன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். என் பக்கம் திரும்பித் தலையாட்டினார்.

முதல் வரி வாசித்ததும், பந்திக் கதவோரம் இலைக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் முறை வந்தும் உள்ளே போகவில்லை.

பாட்டு முடிந்ததும் அண்ணன் காதருகே வந்தார். "அடுத்த முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. ஆபீஸ்ல பர்மிஷன் சொல்லிடு."

மேடைத் தொழிலுக்குத் தமிழ் ஒரே வார்த்தையில் விதி எழுதி வைத்திருக்கிறது ஸார்: கேட்டால்தான் கேட்பார்கள்!