இரண்டாவது மாங்கனி

ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது காரைக்கால் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். அத்தை முந்தானையை ஏந்தி நிற்பாள். பிள்ளையில்லாதவள்; அந்தப் பழத்தைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பழத்தில் யாருக்கும் பங்கு தரமாட்டாள்.

ஒரு ஆனியில் அவள் வரவில்லை. இருமல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் நிழல். சளியில் கிருமி இல்லை. ஊசி போட்டு எடுத்த துணுக்கில் 'கிரானுலோமா', அதாவது காசநோயில் காணப்படும் அழற்சித் திரள், என்று ரிப்போர்ட் வந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கிற நாடு; காசநோய் மாத்திரையே கொடுத்தார்கள்.

"ரத்தமாப் போவுது தம்பி" என்று பயந்தாள். சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசினால், மருந்து வேலை செய்கிறது என்றேன். ஐந்து மாதம் அதையே சொன்னேன். நிழல் வளர்ந்துகொண்டிருந்தது.

காரைக்கால் அம்மையார் கதையிலும் இறைவன் தந்த இரண்டாவது பழம் பார்வைக்கு முதல் பழம் போலத்தான் இருந்தது. அவர் கணவன் பரமதத்தனின் நாக்குதான் வேறுபாட்டைக் கண்டது.

காரைக்காலுக்கு ஜிப்மர் கிளை 2016-இல்தான் வந்தது. இது அதற்கு முன்பு. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று புதுச்சேரிக்குப் பஸ். துணுக்கைப் பொதிந்த மெழுகுக் கட்டியை அத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

அங்கே ஜிப்மரில் நோய்க்குறியியல் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புற்றைச் சுற்றியும் கிரானுலோமா உண்டாகும். ஊசி ஓரத்தை மட்டும் தொட்டால் அதுதான் தெரியும். அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவியபோது அடினோகார்சினோமா என்ற புற்று இருந்தது. நுரையீரல் புற்றில் ஏறும் டிடிஎஃப்-1 சாயம் அதில் ஏறியது. தைராய்டுப் புற்றிலும் அது ஏறும் என்பதால் அத்தையின் கழுத்தையும் தடவிப் பார்த்தார். மற்ற சாயங்களைப் போடவில்லை. துணுக்கு தீர்ந்துவிட்டால் மரபணுச் சோதனைக்கு மிச்சமிருக்காது என்றார். அந்த ஒரு நிதானத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அத்தை பீடி தொட்டதில்லை. சவுக்கு விறகு அடுப்பில் வாழ்நாளெல்லாம் ஊதினாள். புகைக்காத ஆசியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் 2004-இல் கண்டறியப்பட்டது. அது அவளுக்கும் இருந்தது. அதற்கான மாத்திரையோடு மேலும் இரண்டு ஆனி இருந்தாள். கடைசி முறை மாடியிலிருந்து வந்த பழத்தை நான் பிடித்துக் கொடுத்தேன். பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதமாகியும் நிழல் சுருங்கவில்லையா? துணுக்கு எடுத்திருந்தால் அதன் மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி, இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.