பட்டை அறிந்த கை

என் அம்மா மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினார். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அவர் வெறும் கூலி. மரம் பேணுவதில் தேர்ந்தவர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

ரப்பர் மரத்தில் பால் இருப்பது பட்டையில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதை ஒட்டிய உட்பட்டையில்தான் பால்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. கத்தி மேலோடு போனால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் படலம் அறுந்துவிடும். அதுதான் தோட்டத்தில் எல்லாரும் பயந்த ‘காயம்’. காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக எழும்பும். சில வருடம் கழித்து, வளர்ந்த பட்டையில் மறுவெட்டுக்கு வருகிறவர் அங்கே கத்தி வைக்க முடியாது. தங்கள் கைக்கு வராமலே போகக்கூடிய பட்டையை நினைத்து அன்றைய வெட்டை அளந்தார்கள் பால்மரம் வெட்டியவர்கள். அதுவும் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், நானூறு ஐந்நூறு மரங்களில். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும்.

வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்கும். பால்குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுவதால் அந்தச் சரிவில் அதிகக் குழாய்கள் திறக்கும். அம்மாவுக்குக் காரணம் யாரும் சொல்லவில்லை. சரிவு மட்டும் பிசகாது.

பிரேசில் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவல் எடுத்தால் மரம் பல்லாண்டு பால் தரும் என்று காட்டினார். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீவலை லிங்கி, லாபு, பகாவ் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக எடுத்த கைகளில் எத்தனையோ தமிழ்க் கைகள். இன்று நகரத்துச் சாலை மரங்களைப் பேணுபவர்களுக்குப் படிப்பும் சான்றிதழும் இருக்கின்றன. நல்லதுதான். அந்தத் தகுதி பால்மரம் வெட்டியவர்களுக்கும் இருந்தது.

மறுநடவுக்கு முன் கடைசிக் காலத்தில் கட்டுப்பாடு போய்விடும். ஏணி வைத்து உயரத்திலும், ஒரே மரத்தில் பல வெட்டாகவும் இருக்கிற பாலையெல்லாம் எடுக்கச் சொல்வார்கள். சாகப்போகிற மரம், காயத்தைப் பற்றி இனி யாரும் கேட்கப்போவதில்லை. அம்மா அப்போதும் ஆழத்தை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “கைக்கு வேற மாதிரி வெட்டத் தெரியாதுய்யா” என்றார். பிறகு அந்த இடத்தில் செம்பனை நட்டார்கள். அவருக்குப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை கொடுத்தார்கள்.