ஆபீஸ் தூசி

எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை என்று எந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் காலையில் நின்றாலும் தூக்குவாளியோடு நிற்கும் பெண்கள் ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருப்பார்கள். எனக்கு வேலை கிடைத்த அன்று அத்தை கேட்டாள்: “ஒங்க ஆபீஸ்ல தூசி உண்டாய்யா?” இல்லை, ஏசி போட்டிருப்பார்கள் என்றேன். “அப்ப நல்ல ஆபீஸுதான்” என்றாள்.

இப்போது என்னிடமும் தூசி இருக்கிறது, நானே உண்டாக்கிக்கொண்டது. பெங்களூரில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் ஒரு தகர அறை. சனி, ஞாயிறில் அங்கே மரவேலை செய்கிறேன். போன மாதம் ஒரு தேக்குப் பலகையை மெஷினில் உப்புத்தாள் போட்டு இழைத்துக்கொண்டிருந்தபோது வேக்குவம் கிளீனர் இழுப்பதை நிறுத்திவிட்டது. ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், சரியாகவில்லை. பிறகுதான் ஹோஸைப் பார்த்தேன். மூன்று மீட்டர் பிளாஸ்டிக் குழாய். உள்ளே வளையம் வளையமாக இருக்கும் மடிப்புகளில் மஞ்சள்பொடி அப்பியதுபோல மரத்தூசி. சுவரில் அடித்தேன், கொஞ்சம் உதிர்ந்தது. மறுமுனையிலிருந்து காற்றை ஊதவிட்டேன். கையில் சுரீரென்று ஷாக் அடித்ததுதான் மிச்சம்.

காரணம் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். தூசி பிளாஸ்டிக்கில் உரசிக்கொண்டே ஓடுகிறது. ஒவ்வொரு உரசலிலும் மின்னூட்டம் சேர்கிறது. பிளாஸ்டிக் மின்கடத்தி இல்லை என்பதால் சேர்ந்தது இறங்கிப்போக வழியில்லை. பெரிய சிராய்களுக்கு எடை இருப்பதால் காற்றோடு போய்விடும். மாவு போன்ற தூசிதான் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிதான் நுரையீரலின் ஆழம் வரை போகும் என்பதால், நான் அந்த மெஷினை வாங்கியதே அதைப் பிடிக்கத்தான். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது.

அந்த நேரம் அத்தை வீடியோ காலில் வந்தாள். குழாயோடு நான் மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“காத்தடிச்சா எப்பிடிய்யா போகும்? பறக்கத்தான செய்யும். கயித்துல ஈரத்துணியக் கட்டி உள்ள விட்டு இழு. துணிய ஒதறாத. வாளித் தண்ணிக்குள்ள முக்கு.”

அத்தை இருபத்திரண்டு வருஷம் வெடி ஆபீஸில் இருந்தவள். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது நகக்கண்களில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். சின்ன வயதில் அது எனக்கு ஏதோ அலங்காரம் மாதிரித் தெரிந்தது.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம், அச்சங்குளத்தில் ஒரு ஆபீஸ் வெடித்தது. ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று மணி நேரம் அத்தைக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு மீட்டிங்கில் பேசினேன், என்ன பேசினேன் என்று இன்றும் ஞாபகமில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். “எங்க ஆபீஸ் இல்லப்பா” என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ‘எங்க ஆபீஸ் இல்ல’ என்றால் இன்னொருத்தி ஆபீஸ் என்று அர்த்தம். இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு என்று செய்தி வந்தது.

அந்த வாரம் என் படிப்பு விழித்துக்கொண்டது. உராய்வு, தூசி, நிலைமின்சாரம்: இதெல்லாம் தீர்க்கக்கூடிய பிரச்சினைதானே? “அறைக்கு ஒரு நல்ல வேக்குவம் கிளீனர் வச்சா என்ன அத்த?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “மொத ஆளா நாங்கதான் போவோம்” என்றாள்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். 1785இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு மாவுக் கிடங்கு விளக்குச் சுடர் பட்டு வெடித்திருக்கிறது. 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சர்க்கரை ஆலையில் சேர்ந்த சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் செத்தார்கள். அந்தத் தூசிகளாவது காற்றில் மிதந்து ஆக்ஸிஜனோடு கலந்தால்தான் வெடிக்கும். பட்டாசு மருந்துக்கு அதுகூட வேண்டியதில்லை. வெடியுப்பு தன் ஆக்ஸிஜனைத் தானே சுமந்து வருகிறது, பக்கத்திலேயே கந்தகமும் அலுமினியமும் இருக்கின்றன. தரையில் கிடந்தாலும் ஒரு உரசல் போதும். என் வேக்குவம் கிளீனரோ, பொறி பறக்கும் மோட்டாரும் மின்னூட்டம் சேர்க்கும் பிளாஸ்டிக் குழாயும் உள்ளது. அறை முழுக்கச் சிதறிக் கிடக்கும் மருந்தை ஒரே டப்பாவில் திரட்டியும் வைக்கும். நான் யோசனை சொன்னது ஒரு வெடிகுண்டை.

அத்தையின் ஈரத்துணிதான் சரி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அலுமினியம் கலந்த மருந்தில் கொஞ்சமாக ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். அதனால்தான் முந்தின நாள் மீதி மருந்தை வைத்திருக்கக் கூடாது என்பார்கள். துணி நிறையத் தண்ணீருக்குள் முங்க வேண்டும், அப்போதுதான் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அத்தை வேதியியல் படிக்கவில்லை. பருத்திச் சேலை, செருப்பில்லாத கால், இரும்பு படாத சாமான், துணியை உதறாமல் முக்குவது: ஒவ்வொன்றும் அவளுக்குக் கையோடு தெரியும்.

அங்கே தெரியாமல் செத்தவர்கள் ரொம்பக் குறைவு என்று இப்போது நினைக்கிறேன். உரிமம் ஒருத்தர் பெயரில் இருக்கும், அறைகள் உள்குத்தகையில் வேறு வேறு ஆட்களிடம் இருக்கும். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதலாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூலி எண்ணிக்கைக்கு. துணியை முக்கி எடுக்கிற நேரம் யார் கணக்கிலும் வராது. அச்சங்குளம் வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்தது, குழு அமைத்தது, இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் என்றது. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் அதே சுற்றுவட்டாரத்தில் எங்காவது வெடிக்கிறது. ‘உராய்வு’ என்று எழுதுகிறார்கள். உராய்வு எல்லா அறையிலும்தான் இருக்கிறது.

கயிற்றில் பழைய பனியனைக் கட்டி, நனைத்து, குழாய்க்குள் இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கை நிறைய மஞ்சள் சேறு. என் அறையில் இதனால் வெடித்துவிடப் போவதில்லை, ஷாக்கும் தொல்லையும்தான். ஆனாலும் அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு பக்குவம் எப்பிடித் தெரியும் அத்த? நீங்க குழாய் சுத்துறது, திரி வைக்கிறதுன்னுதான நெனச்சேன்.”

“மருந்து செலுத்துற ரூம்ல ரெண்டு வருசம் இருந்தேன்ல.”

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் எந்த அறையில் வேலை பார்த்தாய் என்று நான் கேட்டதே இல்லை. அன்று மூன்று மணி நேரம் போன் அடித்தவன், அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

“ஏன் அங்க போனீங்க?”

“அங்க கூலி கூட.”

“எந்த வருசம்?”

“நீ காலேஜ் சேந்தப்பதான்.”

என் முதல் இரண்டு வருஷ ஃபீஸில் பாதி அத்தை கொடுத்தது. சீட்டு எடுத்தது என்று அப்பா சொல்லியிருந்தார். நானும் அப்படியே நம்பியிருந்தேன், நம்புவது வசதியாகவும் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“தண்ணி கலங்கிருச்சு பாரு. மாத்திட்டு இழு. அப்பறம் நல்லா வெயில்ல தொங்கவிடு. அரகொற ஈரத்தோட வைக்கப்படாது.”

வாளியைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தேன். அவள் போனை வைக்காமல் இருந்தாள். துணி வெள்ளையாக வரும் வரை இழுத்தேன்.