சந்தைக்குப் பக்கத்தில் ஒரு துறவி

கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமிமாரின் தள்ளுவண்டிகளுக்கு வழிவிட்டு, செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் தாண்டி வடக்கே நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வந்துவிடும். துறவைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருந்தாத பாதை இல்லையென்று எவருக்கும் தோன்றும். குகையும் மௌனமும் எங்கே, ஹோர்ன் சத்தமும் துணி மூட்டையும் எங்கே! ஆனால் துறவிக்கும் சந்தைக்கும் பகை என்பது பிற்காலத்தவர் கட்டிய கதை. எகிப்தில் பாலைவனத் துறவு பிறந்த நாளிலிருந்தே அது ஊர்ச் சனத்தை ஒட்டித்தான் வாழ்ந்தது.

கொச்சிக்கடையில் இருப்பவர் பதுவை அந்தோனியார். லிஸ்பனில் பிறந்தவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பெர்னாந்து. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோனி ஆனார். கோயிம்பிராவில் அந்தச் சபையார் தங்கியிருந்த சிறு ஆலயம் வனத்து அந்தோனியாருடையது. அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். இத்தாலியில் மொந்தேபாவோலோ மலையில் சில காலம் ஒதுங்கி வாழ்ந்தார். 1231இல் இறப்பதற்குச் சற்று முன் ஓர் அக்ரூட் மரத்தின் மேல் குடில் கட்டித் தங்கினார். மூலவரான வனத்து அந்தோனியார், மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் தன் காணியை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தவர். முதலில் ஊர் எல்லை, பிறகு கல்லறைகள், அதன் பிறகு பாழடைந்த கோட்டையொன்றுக்குள் ஏறக்குறைய இருபது ஆண்டு. கடைசியில் சனங்களே கதவை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் சொல்கிறார். 311ஆம் ஆண்டுத் துன்புறுத்தலின்போது சிறையில் கிடந்தவர்களுக்கு உதவ அவரே அலெக்சாந்திரியாவுக்குப் போனார். அவர் வழிவந்தவர்கள் ஓலைக் கூடையும் கயிறும் பின்னி விற்றார்கள், அறுவடைக்குக் கூலிக்குப் போனார்கள். விலையை ஒரு தரம் மட்டும் சொல், வாங்குபவன் குறைத்துக் கேட்டால் தகராறு பண்ணாமல் கொடுத்துவிடு என்பது அவர்களுக்குள் ஒரு முதியவர் சொன்ன புத்தி. புறக்கோட்டை நடைபாதை வியாபாரிக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். சொன்னவருக்குச் சந்தை நன்றாகத் தெரிந்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்வார்.

கொச்சிக்கடைக்கு வருபவர்கள் எதையும் துறக்க வரவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். செவ்வாய்க்கிழமைகளில் வரிசையில் நின்று, சுரூபத்தின் கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி, அந்தக் கையைப் பிள்ளையின் தலையில் வைக்கும் தாய்க்கு வேண்டியது பிள்ளைக்குச் சுகம். அவளுக்குப் பின்னால் நிற்பவருக்கு வெளிநாட்டு விசா. நெற்றியில் திருநீறு பூசியவரும் பௌத்தரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் பாலைவனத்துக்குப் போனவர்களும் நோயையும் வழக்கையும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். சிரியாவில் தூணின் மேல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற சிமியோனிடம் தகராறு தீர்க்கக் கூட்டம் கூடியது. சொந்தபந்தம், சொத்து, கட்சி எதுவும் இல்லாத அந்நியன் என்பதாலேயே துறவிக்கு மத்தியஸ்தம் கைகூடியது என்று வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 1971இல் வாதிட்டார். பல இனத்தாரும் ஒருவருக்கொருவர் கடன்பட்டு, ஒருவரையொருவர் சந்தேகித்து வாழும் துறைமுக நகரத்துக்கு, யாரிடமும் பற்று வரவு வைக்காத ஒருவர் தேவைப்படுவது இயல்பு. யாழ்ப்பாணப் பெரிய கடைத் தெருவிலேயே திரிந்த கடையிற் சுவாமியைச் சைவர்கள் கொண்டாடியதும் இதே தேவையால்தான் என்பேன்.

கொச்சிக்கடைக் கோயிலின் தொடக்கக் கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் ஒளிந்து பூசை செய்தார் என்பது செவிவழி வரலாறு. ஒளிய அவருக்குக் காடு தேவைப்படவில்லை, சனக்கூட்டம் போதுமாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் பூசையில் குண்டு வெடித்தது. ஜூன் மாதமே கோயிலைத் திறந்தார்கள், சனம் திரும்பி வந்தது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. சுரூபம் பட்டினி கிடப்பதில்லை. பட்டினியை என்றோ ஒருவர் கிடந்தார், பலனை நாம் வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்புகிறோம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் உயிரோடிருந்த வனத்து அந்தோனியாரிடம் சுகம் பெற்றவர்களில் பெரும்பாலோரும் அன்றே வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான்.